கொல்லைச் சேவலின் மூர்க்கமும் அதைத் தடுக்கும் முறையும்

திருவந்திபுரம் முதலிய கெடிலக் கரைக் கிராமங்களில் கொல்லையில் கோழி வளர்க்கும் குடியானவர்கள், சேவலைத் தெரிந்தெடுக்கையில் உருவத்தைப் போலவே குணத்தையும் கவனித்தல் வேண்டும். பெருவிடை இனம் தலைமுறைதோறும் சண்டைக்கென்றே பொறுக்கி வளர்க்கப்பட்டதாதலால், அதன் கலப்பில் மூர்க்கம் மிகுதி. சிறுவிடை பெரும்பாலும் சாதுவானது.

நான்கைந்து மாதத்தில் சேவற்குஞ்சின் குணம் வெளிப்படும். ஒரு சிறகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நெருங்குவது பாய்ச்சலுக்கு முன்னடையாளம். அப்போது ஓடினால் அதன் துணிவு வளரும். உதைத்தாலோ பகை முற்றும். ஆதலால் அசையாது நிற்றலே நன்று.

பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதுமானது. மிகுதியான சேவல்கள் தம்முள் போரிடுவதுடன், பெட்டைகளின் முதுகையும் புண்ணாக்கும். தீனியைப் பல இடங்களில் தூவுக. கால்முள்ளின் நுனியை மட்டும் அரத்தால் மழுக்குக.

இவ்வளவு செய்தும் மனிதர்மேல் பாயும் சேவலை வித்துக்கு வைத்தல் தகாது; அதன் முள் குழந்தையின் கண்ணைக் கெடுக்கக்கூடும். அதனைச் சண்டைக்கு விற்பதும் முறையன்று. 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி சேவற்சண்டை குற்றமாகும். கறிக்கு ஒதுக்குவதே உத்தமம். சாதுவான சேவலின் குஞ்சுகளே அடுத்த மந்தையாகுக.