படாரர்: ஒரு சொற்பாடம்

கொடைக்கானலுக்குச் சென்று பழனி வழியாக இறங்கும் நம் குடும்பத்தார் பலர், அருகிலுள்ள ஐவர்மலையைக் காணாமலே ஊர் திரும்புகின்றனர். பல்லாண்டுகள் நாமும் அவ்வாறே திரும்பினோம். பழனியிலிருந்து கொழுமம் செல்லும் வழியில் உள்ள அக்குன்றின் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாக அமைந்துள்ளன.

அங்குள்ள கல்வெட்டு வரகுண பாண்டியனின் 8ஆம் ஆட்சியாண்டு, சகம் 792இல் எழுந்தது. சக ஆண்டுடன் 78ஐக் கூட்டினால் கி.பி. 870 என வரும். குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர், திருவயிரையில் பாரிசுவ படாரரையும் இயக்கியரையும் புதுப்பித்தார். முட்டாத திருவமுதுக்கும் ஓர் அடிகளின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்தார்.

இதனைப் படித்துக் காட்டியபோது எம் பேரன், "படாரர் என்றால் படைவீரரா?" என்று வினவினான். 'படர்' என்னும் சொல்லை எண்ணிக் கேட்டான் போலும். தவறாயினும் நல்ல வினா.

வடமொழியில் 'ப்ரு' என்னும் வேருக்குத் தாங்குதல் என்பது பொருள். அதிலிருந்து வந்த 'பர்த்ரு' தாங்குபவர், தலைவர் எனப் பொருள்படும். அதன் வழியே பட்டாரர், பட்டாரகர் என்னும் சொற்கள் தோன்றின. அதே வேரிலிருந்து, பிறரால் தாங்கப்படுபவன் என்னும் பொருளில் 'பட' என்னும் வீரன் பெயரும் பிறந்தது.

கன்னடத்தில் இச்சொல் ஓர் ஒற்றினை இழந்து 'படார' என வழங்கிற்று. 'வட்டாராதனை' என்னும் பழைய கன்னட உரைநடை நூல் முனிவர்களைப் 'படாரர்' என்றே குறிக்கும். நம் கல்வெட்டிலும் அவ்வடிவமே காணப்படுகின்றது. பட்டாரகர் என்னும் முழுவடிவம் சிரவணபெளகொளத்திலும் நம் மேல்சித்தாமூரிலும் மடத்தலைவர்க்கு இன்றும் வழங்குகின்றது.

ஒன்று நினைவிற் கொள்க. சிவபெருமானையும் பழங்கல்வெட்டுகள் 'மாதேவ படாரர்' எனக் கூறும். ஆகவே படாரர் என்று கண்ட அளவிலே சமணக் கல்வெட்டு எனத் துணிதல் கூடாது. உடன் நிற்கும் பெயரை நோக்குதல் வேண்டும்.

அயிரை என்னும் பழம்பெயர் மக்கள் வழக்கில் ஐவர் என மாறி, பாண்டவர் ஐவர் தங்கிய மலை என்னும் கதையோடு இணைந்துவிட்டது. படாரர் என்னும் சொல்லையும் நாம் அவ்வாறு இழந்துவிடலாகாது. உலகைத் தாங்குபவர் எனப் போற்றப்பட்டவருக்கு அமுதும், அவர்வழி நின்ற ஓர் அடிகளுக்குச் சோறும் அளித்துத் தாங்கியது அந்த 505 காணம். தாங்குபவரையும் தாங்குவது இல்லறத்தாரின் கடமை. அடுத்த முறை மலையிறங்கும்போது பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்று, இச்சொல்லின் பொருளை எடுத்துரைப்போமாக.