சீருடையிலிருந்து வெள்ளை அங்கிக்கு

படைவீரர் ஒருவர் பல ஆண்டுப் பணிக்குப் பிறகு மருத்துவராக முடியுமா? முடியும் என்பதற்கு அமெரிக்கரான ஜானி கிம் ஒரு சான்று. 2002ஆம் ஆண்டு, உயர்நிலைப் பள்ளியை முடித்ததும் அவர் கடற்படையில் சேர்ந்தார். ஈராக் போரில் காயமுற்ற தோழர்களைக் கண்டபோது, மருத்துவராக வேண்டும் என்ற எண்ணம் அவர் மனத்தில் வேரூன்றியது. 2012இல் கணிதத்தில் பட்டம் பெற்ற அவர், 28 வயதில் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து, 2016இல் மருத்துவரானார்.

எனினும், இந்தப் பாதையில் செல்ல விரும்புவோருக்கு ஆர்வம் மட்டும் போதாது. அமெரிக்காவில் முதலில் இளங்கலைப் பட்டம் பெற வேண்டும். அதன்பின் மருத்துவப் பள்ளியில் நான்கு ஆண்டுகள் பயில வேண்டும். அடுத்து, மருத்துவமனையில் குறைந்தது மூன்று ஆண்டுகள் பயிற்சி பெறுவது வழக்கம். கடன் வாங்கிப் படிப்பவர்கள் பலர், பட்டம் பெறும்போது ஏறத்தாழ 200,000 டாலர் கடனைச் சுமக்கின்றனர். இளம் வயதில் படிப்பை முடிப்பவருக்கு அதை அடைக்க நீண்ட காலம் இருக்கிறது. நாற்பதை நெருங்குபவருக்கோ அந்தக் காலம் குறைவு. குடும்பப் பொறுப்புகளோ அதிகம்.

படைவீரர்களுக்கு மூன்று முக்கிய வழிகள் உள்ளன. முதலாவது, மேரிலாந்து மாநிலத்தில் உள்ள படைத்துறை மருத்துவப் பல்கலைக்கழகம். 1972இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி இது நிறுவப்பட்டது. இங்குக் கல்விக் கட்டணம் இல்லை. மாணவர்கள் படை அதிகாரிகளாக நியமிக்கப்பட்டு, படிக்கும்போதே சம்பளமும் பெறுகின்றனர். அதற்கு ஈடாக, தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் பயிற்சி முடிந்தபின் ஏழு ஆண்டுகள் படையில் மருத்துவராகப் பணியாற்ற வேண்டும்.

இரண்டாவது, படைத்துறை வழங்கும் உபகாரச் சம்பளம். இதைப் பெறுபவர் பொது மருத்துவப் பள்ளி ஒன்றில் பயிலலாம். கல்விக் கட்டணத்தைப் படைத்துறை செலுத்துகிறது. மாதந்தோறும் உதவித்தொகையும் வழங்குகிறது. நான்கு ஆண்டுகள் உதவி பெற்றவர் நான்கு ஆண்டுகள் பணியாற்றியாக வேண்டும்.

மூன்றாவது, முன்னாள் வீரர்களுக்கான கல்வி நிதி. 2009 முதல் நடப்பில் உள்ள இத்திட்டத்தின்கீழ், முழுத் தகுதி பெற்றவருக்கு 36 மாதங்களுக்கு உதவி கிடைக்கிறது. ஏற்கெனவே ஆற்றிய பணிக்கான பயன் இது என்பதால், படித்தபின் மீண்டும் படையில் பணியாற்றத் தேவையில்லை. ஆனால், மருத்துவப் படிப்பின் இறுதி ஆண்டுகளில் விடுமுறை குறைவு. எனவே, படிப்பு முடியுமுன்பே நிதி தீர்ந்துவிடக்கூடும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. படையில் ஆறு ஆண்டுகள் பணியாற்றியவர், மேலும் நான்கு ஆண்டுகள் பணியாற்ற உறுதியளித்தால், இந்த உதவியைத் தம் பிள்ளைக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஆகவே, அதைத் தம் படிப்புக்குச் செலவிடுவதா, மகளின் படிப்புக்கு விட்டுவைப்பதா என்று ஒரு தந்தை தயங்க நேரிடுகிறது.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். 22 வயதில் படையில் சேர்ந்த ஒருவர், பத்து ஆண்டுப் பணிக்குப் பிறகு, 32 வயதில் படைத்துறைப் பல்கலைக்கழகத்தில் சேர்வதாகக் கொள்வோம். அவர் 36 வயதில் பட்டம் பெறுவார். படை மருத்துவமனையில் மூன்று ஆண்டுப் பயிற்சியை முடிக்கும்போது வயது 39. இப்பயிற்சிக் காலம் அந்த ஏழு ஆண்டுகளில் சேராது. ஆகவே, அவருடைய கடமை முடியும்போது வயது 46 ஆகிவிடும். அதுவரை அவர் எங்குப் பணியாற்ற வேண்டும் என்பதைப் படையே முடிவுசெய்யும். பிள்ளையின் பிறந்தநாளன்று அவர் வெளிநாட்டு முகாமில் இருக்க நேரலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. முன்பு ஆற்றிய பத்து ஆண்டுகள், பயிற்சிக் காலம் மூன்று, கடமைக் காலம் ஏழு ஆகியவற்றைக் கூட்டினால் 20 ஆண்டுகள் ஆகின்றன. ஓய்வூதியம் பெற அது போதும். 46 வயதில் அவரிடம் கல்விக் கடன் இருக்காது, கையில் தொழில் இருக்கும், ஓய்வூதியமும் வரும்.

ஆக, இலவசக் கல்வி என்று அழைக்கப்பட்டாலும் இதற்கும் ஒரு விலை உண்டு. ஒருவர் அதைப் பணமாகச் செலுத்துகிறார். மற்றொருவர் தம் வாழ்வின் ஆண்டுகளாகச் செலுத்துகிறார். எது சிறந்தது என்பது அவரவர் வயதையும் குடும்பச் சூழலையும் பொறுத்தது. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பர் பெரியோர். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அதன் ஒவ்வொரு வரியையும் படித்து, குடும்பத்தாருடன் கலந்து பேசி முடிவெடுப்பவரே பின்னாளில் வருந்தாமல் இருப்பார்.