மலைப்பாதையும் வண்டியின் விலாவும்

கேள்வி: ஐயா, சித்தேரி மலையின் உட்கிராமங்களிலிருந்து புளியும் சாமையும் ஏற்றிக்கொண்டு அரூருக்கு இறங்குவது என் தொழில். நான்கு சக்கரமும் இழுக்கும் டபுள் கேபின் பிக்கப் வைத்திருக்கிறேன். மழையில் மண் கரைந்து பாறை தலைதூக்கிய இடங்களில் கதவுக்குக் கீழே அடி விழுகிறது. இடப்பக்கப் பின்கதவை இப்போது அழுத்தித்தான் சாத்த வேண்டியிருக்கிறது. ‘ராக் ஸ்லைடர்’ மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். ரெடிமேடாக வாங்குவதா, பட்டறையில் செய்து சேஸிஸோடு வெல்டிங் வைத்துவிடுவதா? சட்டத்தில் இடைஞ்சல் உண்டா?
— வாசகர் ஒருவர், பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: தங்கள் கேள்விகள் மூன்றையும்விட, பின்கதவை அழுத்திச் சாத்துவதாகப் போகிற போக்கில் எழுதிய வரியே எனக்கு விசேஷமாகப் பட்டது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே கதவுகளைத் தாங்கி ஓடும் தகட்டுக் கீழ்விளிம்பு, பாறையில் பட்டு மேலே ஏறியிருக்க வேண்டும். அதனோடு நடுத்தூணும் சற்றே இடம் பெயர்ந்திருக்கலாம். ஆகையால் எந்த இரும்பையும் வாங்குவதற்கு முன்னால், நல்ல டிங்கரிங் பட்டறையில் அந்த விளிம்பை நிமிர்த்தி, கதவைச் சுற்றியுள்ள இடைவெளி எங்கும் ஒரே அளவாக வரும்படி செய்துகொள்வது அவசியம். வளைந்த விளிம்பின்மேல் காவலை மாட்டினால் வளைவு கண்ணுக்கு மறையும். உள்ளே தேங்கும் சேறும் நீரும் தகட்டைத் தின்றுகொண்டிருக்கும்.

இனி ஸ்லைடருக்கு வருவோம். இந்தப் பெயரைச் சொல்லிக் கடைகளில் இருவேறு சாமான்களை விற்கிறார்கள். ஒன்று, ஏறி இறங்குவதற்கு மட்டுமே பிரயோஜனப்படும் படி. அலுமினியத்தாலோ மெல்லிய குழாயாலோ செய்து, சிறு பிராக்கெட்டுகளால் கேபினின் தகட்டிலேயே முடுக்கிவிடுகிற அது, ஒரு மனிதனின் எடையைத் தாங்கும், அவ்வளவே. மற்றது, வண்டியின் ஒரு பக்கத்துப் பாரம் முழுவதும் ஒரு கல்லின்மேல் இறங்கிவிட்டாலும், அந்தப் பாரத்தைத் தகட்டுக்கு விடாமல் நேரே சேஸிஸில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. முதலாவது பாறையில் மோதினால், தான் காக்க வேண்டிய கீழ்விளிம்பையே நெம்பிப் பெயர்த்துவிடும் என்பதால், மலைப்பாதைக்கு அது இல்லாதிருப்பதே மேல். ரெடிமேட் சாமானை வாங்க நினைத்தால் பளபளப்பையும் விலையையும் பார்ப்பதற்கு முன், அதன் கால்கள் எங்கே போய் முடிகின்றன என்பதைப் பாருங்கள். சேஸிஸில் முடியாதது எதுவும், பெட்டியின்மேல் என்ன எழுதியிருந்தாலும், ஸ்லைடர் ஆகாது.

மேடு பள்ளத்தை முன்கூட்டியே எண்ணி வண்டியின் அடியில் ஏதேனும் கட்டிக்கொள்ளும் யோசனை பண்டு தகடூர் எனப்பட்ட நம் தருமபுரிச் சீமைக்குப் புதியதன்று. அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில், உப்பு வணிகர் தம் வண்டியின் கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்லும் வழக்கமே உவமையாக வருகிறது. பாரம் நிறைய ஏற்றிய வண்டிக்காகத்தான் அந்த உமணர் அச்சைக் கட்டினார்கள் என்பதை நம் பட்டறைக்காரர்கள் கவனிக்க வேண்டும். ஏனெனில் காலி வண்டியைச் சிமென்ட் தளத்தில் நிறுத்தி அளவெடுப்பதே இன்று எங்கும் பழக்கமாகிவிட்டது. மூட்டைகள் ஏறியதும் பின்பக்கத்து வில்பட்டைகள் அமுங்கி, காலியாக இருந்தபோது கண்ட உயரம் குறைந்துபோகும். தாங்கள் வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு வண்டியை நிறுத்தி, அப்போது தரையிலிருந்து கீழ்விளிம்பு எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அதையே கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். சக்கரங்களுக்கு இடையே 3 மீட்டர் நீளமுள்ள வண்டியின் நடுவயிறு தரையிலிருந்து 200 மி.மீ. உயரத்தில் இருந்தால், ஏறத்தாழ 15 டிகிரி முகட்டை அது தட்டாமல் கடக்கும். காவல் குழாய் 50 மி.மீ. கீழே தொங்கினால் அது 11 டிகிரியாகச் சுருங்கிவிடும். பார்வைக்கு முரட்டுத்தனமாகத் தெரிய வேண்டுமென்று தாழ்வாகத் தொங்கவிடும் ஸ்லைடர், இல்லாத பாறையையும் தேடிப்போய் மோதும்.

உலோக விஷயத்தில் நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. இரும்புக் கடையில் ‘சி கிளாஸ்’ என்று கேட்டால் கொடுக்கும் ஒன்றரை அங்குலக் குழாய், 48.3 மி.மீ. வெளிவிட்டமும் 4 மி.மீ. கனமும் உடையது, ‘பி கிளாஸ்’ 3.2 மி.மீ. கனமே உடையது. இவை அடிப்படையில் நீர்க்குழாய்கள். கட்டுமானத்துக்கென்றே வரும் ஐ.எஸ். 1161 தரக் குழாய் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்வது நல்லது. பக்கத்துக்கு இரண்டு குழாய், குறுக்குத் துண்டுகள், கால்கள் என்று எல்லாம் சேர்ந்து இருபுறமும் 50 கிலோ அளவுக்கு வரும். அந்த எடையைத் தாங்கள் ஏற்றும் பாரத்தில் கழித்துக்கொள்ள வேண்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை அப்படியே வெல்டிங் செய்ய விடாதீர்கள். பூச்சு எரிந்து எழும் புகை வெல்டருக்குக் காய்ச்சலைத் தரும், பற்றும் பலவீனப்படும்.

தங்கள் கேள்வியின் சாரமான இடம் கால்கள் சேஸிஸைச் சேரும் இடமே. வெல்டிங் வேண்டாம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். சேஸிஸின் எஃகு, பாரத்தில் சற்றே முறுகி மீண்டும் நிமிரும் சுபாவத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. வெல்டிங் சூடு பட்ட ஓரத்தில் அந்தக் குணம் கெட்டு, சிலகாலம் கழித்து அங்கிருந்தே மயிரிழை விரிசல் புறப்படுவதுண்டு. குழாயோடு காலையும், காலோடு 6 மி.மீ. பிளேட்டையும் தாராளமாக வெல்டிங் வைக்கலாம். ஆனால் அந்த பிளேட் சேஸிஸைப் போல்ட்டால்தான் பற்ற வேண்டும். வண்டிக் கம்பெனியே விட்டிருக்கும் துளைகள் அகப்பட்டால் அவற்றையே பயன்படுத்துங்கள். புதிதாகத் துளையிடும் நிர்ப்பந்தம் நேர்ந்தால் சேஸிஸின் செங்குத்துப் பக்கத்தின் நடுவில் இடலாமேயன்றி, மேல் கீழ் மடிப்புகளில் ஒருபோதும் இடலாகாது. சேஸிஸ் மூடிய பெட்டி வடிவாயிருந்தால், போல்ட்டை முடுக்கும்போது சுவர்கள் உள்ளே நசுங்காதபடி துளைக்குள் ஒரு துண்டுக் குழாயைச் செருகுவது அவசியம். டபுள் கேபினுக்குப் பக்கத்துக்கு நான்கு கால்கள் இருக்கட்டும். மூன்றுக்குக் குறையவே கூடாது. கேபினும் பின்தொட்டியும் தனித்தனியே அசைபவை என்பதால் காவல் கேபினின் நீளத்தோடு நின்றுவிட வேண்டும். கேபின் ரப்பர் மணைகளின்மேல் அமர்ந்து ஆடுவதால், குழாய்க்கும் கீழ்விளிம்புக்கும் இடையே 20 முதல் 25 மி.மீ. இடைவெளி வேண்டும், வெளிக்குழாயைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்து வைத்தால், பாறை வண்டியின் உடலைத் தொடுவதற்கு முன் அதைத் தொடும்.

துளை போடுவதற்கு முன் சேஸிஸின் மறுபக்கத்தில் பிரேக் பைப், டீசல் பைப், ஒயரிங் எதுவும் இல்லை என்று கையால் தடவிப் பாருங்கள். காலை வண்டியிலேயே வைத்துப் பொட்டு வெல்டிங் செய்வதானால் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். தலையில் 8.8 என்று பொறித்த 12 மி.மீ. போல்ட்டை, டார்க் ரெஞ்ச்சினால் 80 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்கினால் போதும். பலம் உள்ளவரை முடுக்குவது போல்ட்டை இழுத்துக் கெடுக்கும் வேலை. முதல் மலைப் பிரயாணம் முடிந்து திரும்பியதும், பிளேட்டுக்கு அடியிலுள்ள பெயிண்ட் அமுங்கியிருக்கும் என்பதால், எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி சோதியுங்கள். பரீக்ஷை ஒன்றும் உண்டு: மற்றச் சக்கரங்களுக்கு அடை வைத்து, அடியில் ஆளில்லாதபடி பார்த்துக்கொண்டு, குழாயின் நடுவில் ஜாக்கியைக் கொடுத்து அந்தப் பக்கத்து டயர்கள் எழும்பும் வரை தூக்கிப் பாருங்கள். கதவு அப்போதும் சுலபமாகத் திறந்து மூடி, இறக்கிய பின் குழாயின் இடைவெளி பழைய அளவுக்கே திரும்பினால் வேலை சரி. பட்டறைக்காரர் இதற்குச் சம்மதிக்கவில்லையென்றால் பாக்கித் தொகையை உடனே கொடுத்துவிடாதீர்கள்.

சட்டம் தங்களுக்கு அவ்வளவு சாதகமாக இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தின் விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்திற்று; அதே ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த 182ஏ பிரிவு, உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதம் முன்புறக் காவல் கம்பிகளைப் பற்றியதுதான். ஆயினும் பக்கக் காவலுக்கு விலக்கு உண்டென்று அதிலிருந்து அர்த்தம் செய்துகொள்ள இடமில்லை. ஆகவே கம்பெனி அங்கீகரித்த உபகரணப் பட்டியலில் இது உண்டா என்று டீலரிடம் முதலில் கேளுங்கள். இல்லையெனில் வரைபடத்தோடு தருமபுரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் மோட்டார் வாகன ஆய்வாளரின் அபிப்பிராயத்தைக் கேட்டறிந்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டு, அதன்பின் பட்டறைக்குப் போங்கள். எஃப்.சி. நாளன்று கழற்றி வைத்துவிட்டு மறுநாள் மாட்டிக்கொள்ளலாம் என்று யாராவது யுக்தி சொன்னால் ஏற்காதீர்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் பார்ப்பது அன்று மாட்டியிருப்பதையே. குழாய் வண்டியின் அகலத்தை மீறி வெளியே நீட்டவும் கூடாது. அரூர்ச் சாலையில் தங்களை ஒட்டி வரும் இருசக்கர வண்டிக்காரரின் முழங்கால் இருக்கும் உயரம் அதுதான்.

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றித் தார்ச்சாலையிலேயே ஓடும் என் பிக்கப்புக்கு எவர்சில்வரில் ஸ்லைடர் செய்து மாட்டலாமா? பார்க்க எடுப்பாக இருக்குமே.
— வாசகர் ஒருவர், பாலக்கோடு

பதில்: வேண்டாம். ஏறத்தாழ இரண்டு கிரேட் தக்காளியின் எடையை அநாவசியமாகத் தினமும் சுமப்பதைத் தவிர அதனால் ஒரு லாபமும் இல்லை. எவர்சில்வரும் சாதாரண இரும்பும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால், தங்கள் சேஸிஸ் அல்லவா முதலில் துருப்பிடிக்கும்? வீட்டுப் பெரியவர்கள் ஏறி இறங்கச் சிரமப்படுகிறார்கள் என்றால் கம்பெனிப் படியே போதும். மிச்சப்படும் பணத்தில் பின்பக்க வில்பட்டைகளின் புஷ்களை மாற்றிவிடுங்கள்.