மடல் போகும் வழியிலும் பூட்டு வேணும்

கிளையின் இணையப் பக்கத்தில் தைப்பூசத் தொண்டர் பதிவுப் பாரம் வைக்கிறோம். பெயர், அடையாளக் கார்டு எண், பெற்றோரின் கைப்பேசி எண் எல்லாம் நிரப்பி அழுத்தியதும் செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போகிறது. "பக்கத்துலதான் பூட்டுச் சின்னம் இருக்கே, அண்ணே?" என்று தம்பிகள் என்னிடம் கேட்பார்கள். அந்தப் பூட்டு உங்கள் கைப்பேசிக்கும் இணையப் பக்கத்துக்கும் நடுவில் மட்டும்தான். அங்கிருந்து மடல் கிளம்பும் பாதை வேறு.

மின்னஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபி முறை 1982இல் வகுக்கப்பட்டது. அப்போது அதில் பூட்டே கிடையாது. அஞ்சலட்டை மாதிரிதான், வழியில் நிற்பவர் படித்துவிடலாம். கடவுச்சொல்லைக்கூட பேஸ்64 என்ற எழுத்துமாற்றத்தில் அனுப்புவார்கள். பார்த்தால் புரியாது, ஆனா ஒரு நொடியில் திருப்பிப் படிக்கலாம்.

1999இல் ஸ்டார்ட்-டிஎல்எஸ் வந்தது. முதலில் திறந்த பேச்சு. "என்னிடம் பூட்டு வசதி உண்டு" என்று சர்வர் சொன்ன பிறகே குறியாக்கம் தொடங்கும். நடுவில் இருப்பவன் அந்த ஒரு வரியை அழித்துவிட்டால்? "கிடைத்தால் பூட்டு" என்று அமைத்த மென்பொருள் சத்தமில்லாமல் பூட்டாமலே அனுப்பிவிடும். அதனால் 587ஆம் போர்ட்டில் "பூட்டு கட்டாயம்" என்றே அமையுங்கள். 465 இன்னும் நல்லது. அங்கே முதல் சொல்லிலிருந்தே குறியாக்கம்தான்.

வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிங்க. உள்ளே மடல் அனுப்புவது பிஎச்பிமெய்லர் என்ற திறந்த மூல நிரல். சர்வரின் சான்றிதழ் பொருந்தாவிட்டால் எஸ்எம்டிபி வழியில் அது அனுப்ப மறுக்கும். உடனே எங்கேயோ தேடி, சான்றிதழ் சோதனையை நிறுத்தும் சில வரிகளைக் கொண்டுவந்து ஒட்டிவிடுகிறார்கள். மடல் போய்விடும், சந்தோஷம்! யார் கைக்குப் போனது? பெட்டியைப் பூட்டி, சாவியோடு திருடனிடம் கொடுத்த கதைதான். பல நேரம் காரணம் சின்னதாக இருக்கும். சர்வர் பெயருக்குப் பதில் ஐபி எண்ணைப் போட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். அதைச் சரிசெய்யுங்க, சோதனையில் கை வைக்காதீங்க.

இன்னொன்று. இந்தப் பூட்டு பயணத்துக்கு மட்டும்தான். செயலாளரின் அஞ்சல்பெட்டிக்குள் மடல் திறந்தே கிடக்கும். அவர் கைப்பேசி தொலைந்தால் அத்தனை பேரின் விவரமும் அதோடு போச்சு. எனவே அடையாளக் கார்டு எண்ணை மடலில் போடவே வேண்டாம். "புதிய பதிவு வந்துள்ளது" என்ற ஒரு வரி போதும், மீதியை அவர் பக்கத்தில் நுழைந்து பார்த்துக்கொள்ளட்டும்.