வீட்டுத்தூரம் நிற்கும் காலம்: ஓமோன் பற்றி ஒரு பாடம்



மடுவத்தில் கொழுந்து நிறுக்கக் காத்திருக்கும் நேரத்தில், நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய தாய்மார் தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம்.

"எனக்கு மூணு மாசமா வரல்ல."

"எனக்கு வந்தா பத்து நாளைக்கு நிக்கிறதே இல்ல."

"இந்தக் குளிருல மேலெல்லாம் நெருப்பா எரியுது அக்கா."

கங்காணி கிட்ட வந்ததும் பேச்சு நின்றுவிடும். வெட்கப்பட்டு மறைப்பதால் சில நேரம் உயிருக்கே ஆபத்து வருகிறது. ஆகவே இம்முறை இதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

ஓமோன் என்றால் என்ன?

நமது உடம்பிலுள்ள சில சுரப்பிகளில் ஊறி, இரத்தத்தோடு கலந்து போய், உறுப்புகளுக்குச் செய்தி சொல்லும் பொருளே ஓமோன். அந்தக் காலத்தில் தப்பு அடித்து ஆட்களைப் பிரட்டுக்கு அழைத்தார்கள் அல்லவா? அதுபோல, இன்ன நேரத்தில் இன்ன வேலை செய் என்று ஓமோன் அழைக்கிறது.

பெண்ணின் வயிற்றில் கருப்பையின் இரு பக்கமும் இரண்டு சூலகங்கள் உண்டு. ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டரோன் என்னும் ஓமோன்கள் அங்கே சுரக்கின்றன. முதலாவது, பிள்ளை தங்குவதற்காகக் கருப்பையின் உட்பக்கத்தில் மெத்தை போட்டது போல ஒரு படையை வளர்க்கிறது. இரண்டாவது அதைப் பக்குவமாக வைத்திருக்கிறது. பிள்ளை தங்காவிட்டால் இரண்டும் குறைகின்றன. அந்தப் படை கரைந்து இரத்தத்தோடு வெளியேறுகிறது. இதுதான் வீட்டுத்தூரம். இது கெட்ட இரத்தம் அல்ல, தீட்டும் அல்ல.

நிற்கும் காலத்தில் என்ன நடக்கிறது?

பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் சூலகங்களின் வேலை குறைந்து நிற்கிறது. அதற்கு முந்திய சில வருடங்களில் ஓமோன் ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் குறையும். அதனால் வீட்டுத்தூரம் முன்பின்னாக வரும். தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால்தான் நின்றுவிட்டது என்று சொல்லலாம். 40 வயதுக்கு முன்பே நின்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஈஸ்ட்ரஜன் குறைவதால் திடீரென்று முகமும் நெஞ்சும் சூடாகும், இரவில் வியர்க்கும், தூக்கம் வராது, காரணமில்லாமல் கோபமும் அழுகையும் வரும், மூட்டு நோகும், பெண்ணுறுப்பு வறண்டு, புருஷனோடு சேரும்போது வலிக்கும். இதைப் பைத்தியம் என்றோ பேய் பிடித்தது என்றோ சொல்வது தவறு. வீட்டிலுள்ள ஆண்களும் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொண்டு பொறுமையாக நடக்க வேண்டும். தொந்தரவு கூடினால் டாக்டரிடம் மருந்து உண்டு. பக்கத்து லயத்து அக்கா குடித்த குளிசையை வாங்கிக் குடிக்காதீர்கள்.

"ஆபரேஷன் செஞ்சதுனாலதான் இப்படி" என்று சொல்பவர்கள் பலர். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனில் முட்டை போகும் குழாயை மட்டுமே அடைக்கிறார்கள். சூலகத்தில் கை வைப்பதில்லை. ஓமோன் முன்போலவே சுரக்கும்.

ஆபரேஷன் செய்யாதவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுத்தூரம் தள்ளித் தள்ளி வந்தாலும் பிள்ளை தங்கலாம். 50 வயதுக்கு முன் நின்றவர்கள் கடைசி வீட்டுத்தூரத்திலிருந்து இரண்டு வருடமும், அதற்குப் பின் நின்றவர்கள் ஒரு வருடமும் கருத்தடை முறையைத் தொடர வேண்டும்.

இரத்தம் கூடுதலாகப் போனால்

ஏழு நாளுக்கு மேல் போவது, கட்டி கட்டியாகப் போவது, ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்குள் துணி நனைந்துவிடுவது: இவை சாதாரணம் அல்ல. கழிப்பறை இல்லாத மலையில் நின்று, துணி மாற்றவும் வழியில்லாமல் நம் பெண்கள் இதைத் தாங்கிக்கொள்கிறார்கள். உடம்பில் இரத்தம் குறைந்து, மலை ஏறும்போது மூச்சு வாங்கும், தலை சுற்றும்.

இரத்தம் ஊறுவதற்கு இரும்புச்சத்து வேண்டும். ரொட்டியோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். பருப்பு, கீரை, நெத்தலிக் கருவாடு, முட்டை முடிந்தபோது சாப்பிடுங்கள். கூடவே ஒரு கொய்யாப்பழம் அல்லது கொஞ்சம் எலுமிச்சம்புளி சேர்த்தால் சத்து நன்றாகச் சேரும்.

கட்டாயம் காட்ட வேண்டிய அடையாளம்

ஒரு தாய் நம்மிடம் சொன்னார்: "நின்னு ரெண்டு வருசமாச்சு. இப்ப மறுபடியும் கொஞ்சம் படுது. உடம்புக்கு நல்லதுதானேன்னு இருந்துட்டேன்."

தாய்மார்களே, நல்லதுதான் என்று இருந்துவிடாதீர்கள்! வீட்டுத்தூரம் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும். பெரும்பாலும் வேறு சிறிய காரணமாகத்தான் இருக்கும். ஆனால் சிலருக்குக் கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம் இதுவே. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாக்கலாம். புருஷனோடு சேர்ந்தபின் இரத்தம் பட்டாலும், இரண்டு வீட்டுத்தூரத்துக்கு இடையில் பட்டாலும் இதே போலக் காட்ட வேண்டும்.

எங்கே போவது?

முதலில் தோட்டத்து மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். 35 வயது தாண்டிய பெண்களைப் பரிசோதிக்கும் கிளினிக்குகளை அரசாங்கம் 1996ஆம் ஆண்டில் ஆரம்பித்தது. அங்கே பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கிறார்கள். எந்த நாள் நடக்கிறது என்று மருத்துவமாதுவிடம் கேளுங்கள். தனியாகப் போக வெட்கமென்றால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போங்கள். ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை. உயிர் அதைவிடப் பெரிது.

பதில் சொல்லிப் பாருங்கள்

1. எத்தனை மாதம் வராவிட்டால் வீட்டுத்தூரம் நின்றதாகச் சொல்லலாம்?
2. சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்துத் தேத்தண்ணி குடிக்க வேண்டும்?
3. நின்ற பிறகு மறுபடியும் இரத்தம் பட்டால் என்ன செய்ய வேண்டும்?

வாசிக்கத் தெரியாத தாய்மார் உங்கள் லயத்தில் இருந்தால், இந்தப் பாடத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர்கள் சரியான பதில் சொல்லும்வரை விடாதீர்கள்.