கதிர்காமம் நடக்கப் போகிற பிள்ளைக்கு

முள்ளியவளை

அன்பு மகள்,

உன் கடிதமும் கணக்குத் தாளும் கிடைத்தன. ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீற்றர், இந்த ஊரில் இந்த லொட்ஜ், சாப்பாட்டுக்கு இவ்வளவு காசு என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறாய். வங்கியில் வேலை செய்கிற பிள்ளையின் தாள் என்று பார்த்தவுடன் தெரிகிறது. அடியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, "வழியில ஒருத்தரிட்டயும் கை நீட்ட மாட்டன் பெரியம்மா" என்று, அதற்குத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதைப் பிறகு கதைப்போம். முதலில் திகதியைச் சரிசெய்ய வேண்டும், அது பிழைத்திருக்கிறது.

வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த அடுத்த நாள் வெளிக்கிடுவதாகப் போட்டிருக்கிறாய். பொங்கலை வைத்து நாள் குறிக்காதே, உகந்தையை வைத்துக் குறி. உகந்தை மலை முருகன் கோயிலுக்கு அங்கால் குமண, யால காடு. அந்தக் காட்டுப்பாதையைக் கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி ஏறக்குறைய இரண்டு கிழமைதான் நடைக்காரருக்குத் திறந்துவிடுவார்கள். அம்பாறையில் கூட்டம் வைத்துத் திகதி அறிவிப்பார்கள், பத்திரிகையில் வரும். ஆடித் திருவிழா என்றபடியால் ஆடியில்தான் திறப்பார்கள் என்று இருந்துவிடாதே. சில வருடம் ஜூன் மாதமே திறந்துவிடும், சில வருடம் ஜூலைக்குப் போகும். பொங்கலும் அப்படித்தான், ஒரு வருடம் மே மாதம் வரும், இன்னொரு வருடம் ஜூனில் வரும். இரண்டும் கிட்டக்கிட்ட வருகிற வருடத்தில் பொங்கல் பார்த்துவிட்டு நடந்தால், நீ திருகோணமலை தாண்டுவதற்குள் காட்டுப்பாதை பூட்டுப்பட்டுவிடும். உகந்தையில் தொடங்கிப் பின்பக்கமாக நாளை எண்ணிக்கொண்டு வா. நாள் காணாவிட்டால் பொங்கலுக்கு முன்னமே கண்ணகி அம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பு. அவ கோபிக்க மாட்டா. அவவும் மதுரையிலிருந்து ஊர் ஊராய் நடந்து களைத்து, பத்தாவது இடமாக இங்கே வந்து இருந்தவதானே.

வடக்கே செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் தொடங்கினால்தான் முழு யாத்திரை என்று உன் சிநேகிதி சொன்னாளாம். சொல்லட்டும். சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல், மூன்று மாகாணம். 1983க்குப் பிறகு வடக்கிலிருந்து போகிற நடை அறுந்துபோனது. 1972இல் சாமிமாரோடு நடந்த பற்றிக் ஹரிகன் என்கிற அமெரிக்கர், 1988இல் கிழக்குப் பக்கத்தில் அதைத் திரும்பத் தொடக்கிவைத்தார். அந்த வருடங்களில் கிழக்குச் சனம் நடந்த நடையெல்லாம் பாதி நடை என்று முருகன் கொப்பியில் எழுதி வைத்திருப்பானா?

நீ கிளிநொச்சியில் உன் வீட்டுப் படலையில் தொடங்கு. பரந்தனில் திரும்பி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று வா. பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு ஐம்பது கிலோமீற்றர் மட்டில் வரும். மூன்று நாள் எடுத்து, நீ கதிர்காமத்துக்குக் கொண்டுபோகிற அதே பையோடு, என் வீட்டுக்கு வந்து சேர். கால் எப்படி, பை எப்படி, புத்தி எப்படி என்று அந்த மூன்று நாளில் தெரிந்துவிடும். சரிவரவில்லை என்றால் முல்லைத்தீவில் பஸ் இருக்கிறது, அடுத்த வருடமும் இருக்கிறது. 2009 தொடக்கத்தில் சண்டைக்குத் தப்பி உன்னைச் சைக்கிள் பாரில் வைத்துக்கொண்டு வந்ததும் இந்த றோட்டால்தான். உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. நடக்கும்போது வந்தால் வரட்டும், அதற்காகப் பாதையை மாற்றாதே.

தனியே நடக்கிற எண்ணத்தை விடு. முல்லைத்தீவிலிருந்து வேல் கொண்டுபோகிற கூட்டத்தோடு சேர். ஆனால் சேர முதல் ஒரு நாள் அவர்களோடு இருந்து பார். வேல் கொண்டுபோகிற சாமி எப்படிப் பேசுகிறார், காசுக் கணக்கை யார் பார்க்கிறார்கள், வயதுபோன பெண்கள் எத்தனை பேர் என்று கவனி. கிழவிகள் கூடுதலாக இருக்கிற கூட்டம் நல்ல கூட்டம். அவர்களுக்கு எந்தக் கோயில் கிணறு நல்ல தண்ணீர், எந்த மடத்தில் பெண்களுக்குக் கதவுள்ள மலசலகூடம் இருக்கிறது என்று எல்லாம் தெரியும். உன் கைத்தொலைபேசிக்கு அது தெரியாது.

மாதச் சங்கடத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, கூச்சம். ஒன்றரை மாதத்துக்குக் குறையாத நடையில் அது வரத்தான் செய்யும். கோயிலுக்குள் போகாமல் வெளிமண்டபத்தில் படுத்து, அடுத்த நாள் கூட்டத்தின் பின்னால் நடக்கிற பெண்கள் எப்போதும் இருக்கிறார்கள், அவர்களோடு நட. தள்ளிப்போட மாத்திரை போடுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. போடத்தான் வேண்டுமென்றால் டொக்டரிடம் கேட்காமல் போடாதே.

பை ஐந்து கிலோவுக்கு மேல் போகக்கூடாது. இரண்டு மாற்றுடுப்பு, ஒரு துவாய், ஒரு மெல்லிய போர்வை, ரோச், தண்ணீர்ப் போத்தல், ஜீவனி பக்கற், சித்தாலேப, அடையாள அட்டை. புதுச் சப்பாத்து வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறாய், அதை வீட்டில் விட்டுவிட்டுப் பழகின செருப்போடு வா. வெறுங்காலால் நடக்க நேர்ந்துகொண்டவர்களைப் பார்த்து நீயும் கழற்றிவிடாதே. பத்து மணிக்குப் பிறகு தார் றோட்டு என்ன சூடு என்று குச்சவெளிப் பக்கம் போகும்போது தெரியும். விடிய மூன்று, நான்கு மணிக்கு எழும்பி ஒன்பது மணிவரைக்கும் நடை, பிறகு வெயில் சாயும்வரை படுக்கை, திரும்பப் பின்னேரம் கொஞ்ச நடை. இதுதான் எல்லாக் கூட்டத்தின் நேரசூசியும். கொப்புளம் வந்தால் தோலை உரிக்காதே. ஊசியை நெருப்பில் காட்டி, ஓரத்தில் ஒரு துளை போட்டுத் தண்ணீரை எடுத்துவிட்டு, சுத்தமான துணியைச் சுற்றி நட. உரித்தவர்கள்தான் பஸ் ஏறுகிறார்கள்.

அலம்பில், செம்மலை, நாயாறு தாண்டினால் கொக்குத்தொடுவாய். 2023 ஜூனில் அங்கே தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டின இடத்தில் மனித எலும்புகள் வந்தது நீ அறிந்ததுதான். அந்தப் பக்கத்தில் றோட்டை விட்டு ஒதுக்குப்புறமாகப் பற்றைக்குள் இறங்காதே, எல்லா நிலமும் மிதிவெடி அகற்றித் துப்புரவு செய்யப்பட்டது என்று நம்பாதே. இன்னொன்று. கூட்டத்தில் காணாமல் போன பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு நடக்கிற தாய்மார் இருப்பார்கள். "என்ன நேர்த்தி அம்மா?" என்று கேட்காதே. அவர்களாகச் சொன்னால் கேள். சொன்னதை வீடியோ எடுக்காதே.

இனி அந்த வரிக்கு வருகிறேன்.

நீ ஏன் அப்படி எழுதினாய் என்று எனக்கு விளங்குகிறது. இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது லொறி வந்தால் சனம் கை நீட்டிக்கொண்டு ஓடும். சோற்றுப் பார்சல் தலைக்கு மேலால் பறக்கும். நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். உன் அப்பா ஓடவில்லை, ஓரமாய் நின்றார். மிச்சம் வந்தால்தான் எடுத்தார். நம்முடைய வயலில் கதிர் பொறுக்க வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பாத மனுஷன். அன்றைக்குப் பிறகு நம் வீட்டில் எவரும் எதையும் வாங்குவதில்லை. கோயில் அன்னதானத்தில்கூட உன் அம்மா வரிசையில் நிற்பதில்லை, அது எனக்குத் தெரியாதென்று நினைக்கிறா.

ஆனால் மகள், லொறியில் இருந்தவருக்கு நீ யாரென்ற தேவை இல்லை. கதிரவெளியில் வாசலில் குடத்தோடு நிற்கிற மனுஷிக்கு நீ வராவிட்டால் அன்றைய நாள் பிழைத்துப்போகும். நான் முதன்முதல் நடந்தபோது வாகரைப் பக்கத்தில் ஒரு வீட்டுக்காரி, என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும், மஞ்சள் தண்ணீரால் என் காலைக் கழுவக் குனிந்தா. நான் காலை இழுத்தேன். கணுக்காலைக் கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டு, "கால எடுக்காதீங்க மகள், இது உங்களுக்கில்ல, முருகனுக்கு" என்றா. கழுவி முடித்துச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, அவித்த மரவள்ளிக் கிழங்கும் கொச்சிக்காய்ச் சம்பலும் தந்தா. அது 2006இல் ஷெல்லடிக்குள் ஓடின ஊர், அதற்கு முதல் சுனாமி அடித்த கரை. கிழங்குச் சட்டியில் எவ்வளவு இருந்தது என்று நான் பார்த்தேன். அவவின் பிள்ளைகளுக்கு மிஞ்சியிருக்காது. அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு, பையிலிருந்து கிறீம் கிறக்கர் எடுத்துத் தின்றிருந்தால் நான் மனுஷியா?

அதுதான் சொல்கிறேன், லொட்ஜ்களை வெட்டிவிடு. வெருகலில், மாமாங்கத்தில், காரைதீவில், திருக்கோவிலில் கோயில் மண்டபத்தில் படு. கிண்ணியாவிலும் மூதூரிலும் ஓட்டமாவடியிலும் முஸ்லிம் கடைக்காரர் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தால் குடி. காசு நீட்டாதே, அவருக்கு அது அவமானம். பாணமைக்குப் பிறகு சிங்களச் சனமும் நடக்கும், பக்கத்தில் இடம் விடு.

வாங்குவதற்கும் முறை இருக்கிறது. போட்டதைச் சாப்பிடு, எடுத்து வைக்காதே. பிஸ்கற் பக்கற்றாய் வாங்கி வாங்கிப் பையை நிரப்பி, காட்டுக்குள் தூக்க முடியாமல் எறிகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இலையை நீயே எடுத்துப் போடு. களைப்பாய் இருந்தாலும் ஒருதரம் அடுப்படிப் பக்கம் போய், தேங்காய் துருவ ஆள் வேண்டுமா என்று கேள். வீட்டுக்காரர் பிள்ளையின் சோதனைக்காக, வெளிநாடு போனவனுக்காகக் கும்பிடச் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடாதே. பெயரை எழுதிக்கொண்டு போ. உன் கணக்குத் தாளின் பின்பக்கம் அதற்கு நல்ல இடம்.

காட்டைப் பற்றிப் பயப்படாதே, கவனமாய் இரு. உகந்தையில் பதிந்துதான் உள்ளே விடுவார்கள், பொலித்தீன் இருந்தால் வாங்கிவிடுவார்கள். குமுக்கன், நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று ஐந்தாறு நாள் பிடிக்கும். றோட்டில் பழகின விடியற்கால நடையை அங்கே விட்டுவிடு, வெளிச்சம் வராமல் அடியெடுத்து வைக்காதே. யானையை விடக் கரடிதான் பொல்லாதது. பவுசர் தண்ணீருக்கு வரிசை நீளும், போத்தலை ஒருபோதும் காலியாய் வைத்திராதே. ஆற்று மணலைத் தோண்டி ஊறுகிற தண்ணீரைத் துணியில் வடித்துக் குடிக்கக் கிழவிகள் காட்டித் தருவார்கள்.

அம்மாவுக்கு நீயே சொல்லு. என் பெயரை இழுக்காதே, இழுத்தாலும் நான் சமாளிப்பேன். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு. லொட்ஜுக்கென்று ஒதுக்கின காசில் கதிர்காமத்திலிருந்து திரும்பி வர பஸ்ஸுக்கு எடுத்து வை. மிச்சத்துக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கிக்கொண்டு முன்கூட்டியே ஒருதரம் இங்கே வந்துவிட்டுப் போ. சந்நிதிக் கூட்டம் வற்றாப்பளையில் தங்குகிற இரவில் நானும் இங்குள்ள பெண்களும் சமைக்கிறோம், கிடாரம் எங்களிடம் இருக்கிறது, பரிமாற ஆள்தான் காணாது.

அன்புடன்,
பெரியம்மா