முத்தும் முன்னெச்சரிக்கையும்

கோடை விடுமுறை தொடங்கியதும், லாலாகுடாவில் வாழும் தமிழர் இல்லங்களுக்கு ஊரிலிருந்து உறவினர் வருவர். நிசாம் ஆட்சிக்காலத்தில், 1893ஆம் ஆண்டில், இங்கு இரயில்வே பணிமனை அமைந்தது. இரயில்வே வேலையின் பொருட்டு இவ்வூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல.

அத்தகைய குடும்பம் ஒன்றிற்கு மதுரையிலிருந்து பாட்டி வந்தார். மூத்த பேத்தியின் திருமணத்திற்கு முத்துமாலை வாங்க, அவர் சிறுகச் சிறுகச் சேர்த்த பன்னிரண்டாயிரம் ரூபாய் அவருடைய சுருக்குப்பையில் இருந்தது. ஏழாம் வகுப்பில் பயிலும் இளைய பேத்தி துணைக்குச் சென்றாள்.

ஆட்டோ ஓட்டுநர் தமிழிலேயே பேசினார். "அம்மா, நானும் சென்னையில் இருந்தவன்தான். இன்று சார்மினார் மூடியிருக்கிறது. அரசாங்க முத்துக்கடை ஒன்று உண்டு, இன்று மட்டும் பாதி விலை" என்றார். அயலூரில் தாய்மொழியைக் கேட்ட பாட்டியின் உள்ளம் நெகிழ்ந்தது. பேத்தியோ தெலுங்கில், "மூடியிருந்தால் வெளியில் நின்று பார்த்துக்கொள்கிறோம், அங்கேயே இறக்கிவிடுங்கள்" என்றாள். ஓட்டுநர் அதன்பின் பேசவில்லை.

1591இல் முகம்மது குலி குதுப் ஷா எழுப்பிய சார்மினாரின் வாயிலில் மக்கள் வரிசையாக நின்றிருந்தனர். பேத்திக்குக் கட்டணம் இல்லை. தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டோர்க்கு நுழைவு இலவசம்.

"நம் மொழியில் பேசியவர் பொய் சொல்வாரா?" என்று பாட்டி வருந்தினார். வாடிக்கையாளரை அழைத்து வருபவருக்குச் சில கடைகள் தரகு கொடுக்கும். அத்தொகை பொருளின் விலையிலேயே ஏற்றப்படும். "இன்று மூடியுள்ளது" என்னும் சொல், உலகின் சுற்றுலா நகரங்கள் பலவற்றிலும் வழங்கும் பழைய தந்திரம். ஓட்டுநர் அனைவரும் அத்தகையவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும்.

பின்னர் இருவரும் பத்தர்கட்டியில் உள்ள முத்துக்கடைகளுக்குச் சென்றனர். ஐதராபாத்திற்குக் கடல் இல்லை. முற்காலத்தில் பாரசீக வளைகுடாவின் முத்துகள் இங்கு வந்து துளையிடப்பட்டன. இன்று விற்பனவற்றுள் மிகுதியானவை சீன நாட்டு நன்னீர்ப் பண்ணைகளில் விளைந்தவை. முத்தைப் பல்லில் மெல்ல உரசினால் மணல்போல் நரநரக்கும்; கண்ணாடியாலோ நெகிழியாலோ செய்த போலி வழுக்கும். ஆயினும் பண்ணை முத்தும் உண்மை முத்தைப் போலவே நரநரக்குமாதலால், "இது கடலில் கிடைத்த இயற்கை முத்து" என்று பன்மடங்கு விலை கேட்பவரின் பொய் இச்சோதனையில் வெளிப்படாது. அதற்கு ஆய்வுக்கூடச் சான்றிதழ் வேண்டும். பாட்டி மூன்று கடைகளில் விலை கேட்டு, பண்ணை முத்துமாலையையே இரசீதுடன் வாங்கினார்.

திரும்பும் வழியில் பேத்தி சில செய்திகளைக் கூறினாள். கைப்பேசியில் பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை இடத் தேவையில்லை. "பணம் அனுப்புகிறேன், எண்ணை இடுங்கள்" என்பவர் பணத்தைப் பறிக்கவே முயல்கிறார். ஆபத்தில் 112, இரயிலில் 139 ஆகிய எண்களை அழைக்கலாம். சுற்றுலாப் பயணிகளுக்கான 1363 என்னும் எண்ணில் இந்தி, ஆங்கிலம், பத்து அயல்நாட்டு மொழிகள் ஆகியவற்றில் உதவி கிடைக்கும். அம்மொழிகளுள் தமிழ் இல்லை.

"அப்படியானால் நீதான் எனக்காகப் பேச வேண்டும்" என்றார் பாட்டி. பேத்தி அவருக்கு இரண்டு தெலுங்குச் சொற்களைக் கற்பித்தாள். 'எந்த' என்றால் எவ்வளவு. 'வத்து' என்றால் வேண்டாம். மறுநாள் லாடு பஜாரில் அரக்கு வளையல் விற்றவர் நானூறு ரூபாய் கேட்டார். பாட்டி "வத்து" என்று சொல்லி நடந்தார். பத்து அடி செல்வதற்குள் விலை இருநூற்றைம்பது ஆயிற்று.

பயிற்சி
1. ஓட்டுநரின் பேச்சில் ஐயத்திற்குரிய சொற்கள் யாவை?
2. தமிழிலும் தெலுங்கிலும் வேறு பொருள் தரும் சொற்கள் மூன்றை எழுதுக.
3. உங்கள் வீட்டிற்கு வரும் உறவினர்க்கு உதவும் வகையில் ஐந்து தொடர்கள் எழுதுக.